பின்சக்கரத்து ஆட்டம்

எங்கள் சைக்கிளின் பின்சக்கரம் ஆடத் தொடங்கிய அந்த வருஷம், வீட்டில் எல்லாமே ஆடுகிறது என்று சொல்லிக்கொண்டு என் வீட்டுக்காரர் கையில் திருப்புளியோடு சுற்ற ஆரம்பித்தார். மேஜைக் கால் ஆடுகிறது என்பார். கதவுத் தாழ்ப்பாள் ஆடுகிறது என்பார். நான் தொட்டுப் பார்த்தால் எல்லாம் கல்லு மாதிரி இருக்கும். சொன்னால் கேட்டால்தானே! "உனக்கு எல்லாத்துலயும் அவசரம். நிதானமாத் தொட்டுப் பாரு" என்று என்னையே குறை சொல்லிவிட்டு, இன்னும் ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுத்தான் நகர்வார்.

அவர் முறுக்கிய முறுக்கில் வாணலிக் கைப்பிடியின் மரை தேய்ந்து, கைப்பிடி என் கையிலும் வாணலி அடுப்பிலுமாக ஒரு நாள் நின்றேன். சர்க்கரை டப்பாவை அவர் மூடி வைத்தால் திறப்பதற்குப் பக்கத்து வீட்டில் ஆள் கூப்பிட வேண்டும். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். கடைசியில் என் தையல் மெஷினிலேயே கை வைத்துவிட்டார் மனுஷன். மிதியின் இரண்டு பக்கத்துத் திருகாணியையும் இறுக்கிவிட, காலையில் உட்கார்ந்து மிதித்தால் மிதி அசைய மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. அன்றைக்கு நான் போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது என்று பிற்பாடு சொன்னார்கள். அவரோ, "மிளகா காரம் இன்னிக்குத் தூக்கலா இருக்கு" என்று சிரித்துக்கொண்டே வேலைக்குக் கிளம்பிவிட்டார். கல்யாணமான பத்தாம் நாளே அவர் எனக்கு வைத்த பெயர் மிளகா. சொந்தப் பெயரைச் சொல்லி அவர் என்னைக் கூப்பிட்டதை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவருக்கு வேலை ஆஸ்பத்திரியில். ரத்தம் எடுக்கிறவர். பெரியவர்களுக்கும் எடுப்பார், ஆனால் பேர் வாங்கியது குழந்தைகளிடம்தான். "ஒரு எறும்பு ஊர்ந்து வருது, உன்னைக் கடிக்கப் போகுது, எங்க இருக்குன்னு தேடு பாக்கலாம்" என்பார். குழந்தை குனிந்து எறும்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஊசி உள்ளே போய் வேலையை முடித்து வெளியே வந்திருக்கும். அதனால் அவருக்கு எறும்பு மாமா என்று பெயர். கடைத்தெருவில் நடந்தால் ஏதாவது ஒரு வாண்டு, "அம்மா, எறும்பு மாமா!" என்று கத்தும். நான் பக்கத்தில் பெருமை தாங்காமல் மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு நடப்பேன்.

இந்தக் கதை அந்தக் கைகளைப் பற்றியதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் பின்சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எழுந்திருப்பதற்குள், அந்தக் கையில் இனிமேல் ஊசி இருக்கலாமா கூடாதா என்று நாங்கள் இரண்டு பேருமே சொல்லியாக வேண்டிய நிலைமை வந்துவிட்டது. உட்காரும்போது அது எங்களுக்குத் தெரியாது. ஹப்பைச் சரிசெய்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சைக்கிளைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் மனசு ஆறாது. கறுப்பு வண்டி, உயரமானது. கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் இருந்தது. "நான் ரெண்டாவதா வந்தவ" என்று அதைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருப்பேன். புதுசாகக் கல்யாணமான நாட்களில் அதன் கேரியரில் உட்கார்ந்து நாங்கள் போகாத இடமில்லை. கம்பி உறுத்துகிறது என்று நானே பழைய துணி அடைத்து ஒரு மெத்தை தைத்துக் கட்டினேன். அவர் மிதிக்க மிதிக்க, நான் பின்னாலிருந்து அன்றைக்கு நடந்தது முழுக்க அவர் முதுகுக்குச் சொல்லிக்கொண்டே வருவேன். மூச்சு வாங்கிக்கொண்டு "ம்... ம்..." என்பார். மேடு வந்தால் அந்த 'ம்' நின்றுபோகும். "கேக்கறீங்களா இல்லையா?" என்று முதுகில் ஒரு குத்து விடுவேன். "கேக்கறேன்டி, மேடு ஏறட்டும்" என்பார். மழையில் நனைந்து, ஒரே குடையை நான் அவர் தலைக்கு மேலே பிடிக்கிறேன் என்று சொல்லி அவர் கண்ணை மறைத்து, இரண்டு பேரும் ஒரு மணல் குவியலில் போய் விழுந்திருக்கிறோம். எழுந்து பார்த்தால் சைக்கிளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு முழங்கை சிராய்ப்பு. அவர் முதலில் ஓடிப் போய்த் தூக்கியது சைக்கிளை! அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

மகள் பிறந்து வளர்ந்ததும் கேரியரை அவள் பிடித்துக்கொண்டாள். எனக்கு நடராஜா சர்வீஸ்தான். பிறகு மகளும் வெளியூருக்குப் படிக்கப் போய்விட்டாள். கேரியர் காலியாக இருந்தது. ஏறு என்று அவர் சொல்லவில்லை, ஏறட்டுமா என்று நானும் கேட்கவில்லை. அந்த வயசில் ஏதோ ஒரு கூச்சம். இப்போது நினைத்தால் என்னையே நான் நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன் வாரமெல்லாம் பின்சக்கரம் டொக் டொக் என்று சத்தம் போட்டது. தெரு முனையில் வரும்போதே அடுப்படியில் எனக்குக் கேட்கும். திரும்பும்போது சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து மட்கார்டில் உரசுகிறது என்றார். "ஹப்பு போச்சு. பிரிச்சாத்தான் தெரியும்" என்றார். கடையில் கொடுத்துவிடலாமே என்றேன். முறைத்தார். அந்த வண்டிக்குக் காற்றடிப்பதைக்கூட அவர் அடுத்தவர் கையில் கொடுத்ததில்லை.

அடுப்படிக்குப் பின்னால் ஒரு சின்ன சிமெண்ட் தரை. துணி துவைக்கிற கல், ஒரு குழாய், ஒரு கொடி. அங்கே பழைய போர்வையை விரித்து சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார். கவிழ்க்கும்போதே, "ஏய் மிளகா, ஒரு கை பிடி" என்றார். எனக்கு ஆச்சரியம். அந்த வண்டியைத் தொடவே விடாத மனுஷன்! "என்ன, சூரியன் இன்னிக்கு எந்தப் பக்கம் உதிச்சுது?" என்று கேட்டுக்கொண்டே பிடித்தேன்.

பின்சக்கரத்து நட்டுகளைக் கழற்றி, செயினை ஒதுக்கி, சக்கரத்தை வெளியே எடுத்தோம். எடுத்தோம் என்று சொல்கிறேனே தவிர, ஸ்பேனரை நட்டில் மாட்டுவதற்கு அவர் மூன்று முறை குறி பார்த்தார். நாலாவது முறை நான் பிடுங்கி மாட்டினேன். "பொறுமையே கிடையாது உனக்கு" என்றார். "ஆமா, உங்க பொறுமைக்கு மதிய சாப்பாடு ராத்திரிதான்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். கண்ணுக்கு முன்னால் நடந்ததை நான் பார்க்கவே இல்லை.

சமையலறைத் தட்டு ஒன்றைக் கேட்டார். நல்ல தட்டு கிடையாது என்று விளிம்பு நசுங்கிய ஒன்றைக் கொடுத்தேன். அதன் மேலே சக்கரத்தைப் படுக்க வைத்து, பூட்டு நட்டைக் கழற்றி, அதற்குக் கீழே இருந்த கோனையும் திருகி எடுத்தோம். கோன் என்பது ஒரு பக்கம் சரிவாக வழித்த இரும்பு வளையம். ஹப்பின் ஒவ்வொரு பக்கத்துக் குழியிலும் ஒன்பது குண்டுகள் இருக்கும். இந்தக் கோன் அந்தக் குண்டுகளின் மேலே உட்கார்ந்துகொள்ள, சக்கரம் அதைச் சுற்றி ஓடும். அச்சை உருவினதும் கறுப்புக் களிம்போடு குண்டுகள் பொலபொலவென்று தட்டில் விழுந்தன. நான் எண்ணினேன். பதினேழு.

"ஒண்ணு எங்க?"

"உடைஞ்சிருக்கும். தூளாப் போயிருக்கும்" என்று கோனை எடுத்து மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதன் சரிவு முழுக்கக் குழி குழியாக இருந்தது. இரண்டாவது கோனையும் துடைத்துப் பார்த்தார். அதுவும் அப்படியேதான். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் யோசிக்கிறார் என்று நினைத்தேன்.

"கடைக்குப் போயி ரெண்டு கோனும் பதினெட்டுக் குண்டும் வாங்கிட்டு வரியா? அளவுக்கு இதையே காட்டு" என்றார்.

"நீங்க போகலையா?"

"நீயே போ."

தெருமுனை சைக்கிள் கடைக்காரருக்கு விசில் என்று பெயர். வேலை செய்யும்போது வாயில் ஏதாவது பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரைக்கும் கடை திறந்து வைத்திருப்பார். நான் கோனை நீட்டியதும் வாங்கிப் பார்த்தார். விசில் நின்றது.

"அக்கா, இது ஓடித் தேஞ்சதில்ல. யாரு இப்படி முறுக்கினது?"

"ஏன், என்ன?"

"லூசா ஓடியிருந்தா வேற மாதிரி தேயும். இது இறுக்கத்துல நசுங்கினது. ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல, மாசக் கணக்குல யாரோ முறுக்கிக்கிட்டே இருந்திருக்காங்க. குண்டு உருள எடமே இல்லாம மேல்தோலு பேந்து போச்சு பாருங்க. பேந்தப்புறம்தான் ஆட்டம் வந்திருக்கு." புதுக் கோனையும் குண்டுகளையும் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். "எறும்பு மாமா வண்டியாச்சே? அவரு கையி ரொம்ப மெதுவாச்சே! வேற யாரோ தொட்டிருக்காங்க."

வேறு யார் தொடுவார்கள்? எனக்குச் சுருசுருவென்று ஏறியது. வாணலி, சர்க்கரை டப்பா, என் தையல் மெஷின், இப்போது இது. வழியெல்லாம் மனசுக்குள் வசனம் தயார் பண்ணிக்கொண்டே நடந்தேன். வாசலிலேயே ஆரம்பித்தேன்.

"ஹப்பைக் கெடுத்தது யாருன்னு தெரிஞ்சு போச்சு! நீங்கதான்! முறுக்கி முறுக்கி நசுக்கியே கொன்னுட்டீங்க. நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டி. கைய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா? இந்த வீட்டுல ஒரு சாமானாவது உங்க கைல தப்பிச்சிருக்கா?"

அவர் கொடிக்குக் கீழே முக்காலியில் அதே கோனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழக்கமாக நான் கத்தினால் ஏதாவது கிண்டல் வரும். அன்றைக்கு வரவில்லை.

"ஆடிச்சேடி" என்றார். "தெனமும் பாத்தேன். தெனமும் ஆடிச்சு. அதான் முறுக்கினேன்."

"ஆடியிருக்காது. விசில் சொல்றாரு, மொதல்ல இறுக்கம், அப்புறம்தான் ஆட்டம்னு."

"அவரு சொல்றது சரிதான். கோனைப் பாத்தப்பவே எனக்கும் தெரிஞ்சுது." கோனைத் தட்டில் வைத்தார். "சரி, வா. மாட்டிப் பாத்துடலாம். புதுசு போட்டா சரியாயிடும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொன்ன விதத்தில் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. பரீட்சைக்குப் போகிற பிள்ளை சொல்வதுபோல இருந்தது.

ஹப்பின் உள் குழிகளைத் துடைத்தோம். அவை அதிகம் கெடவில்லை, பிழைத்துக்கொள்ளும் என்றார். புது கிரீஸை விரலால் வழித்துப் பூசினேன். குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதிக்க வேண்டியதுதான். அவர் முதல் குண்டை எடுத்தார், விழுந்தது. இரண்டாவதை எடுத்தார், குழிக்குப் போவதற்குள் அதுவும் விழுந்து தரையில் உருண்டு குழாயடிக்கு ஓடியது. "கிரீஸ் சரியில்ல, வழுக்குது" என்றார். மூன்றாவதும் விழுந்தது. நான் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பொத்தான் தைத்துத் தைத்துப் பழகின விரல்கள் எனக்கு. விழுந்ததையெல்லாம் பொறுக்கித் துடைத்து, பதினெட்டையும் பதிய வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு முதல் முறையாக உள்ளுக்குள் ஏதோ சுருக்கென்றது. சின்னக் குழந்தையின் நரம்பைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கிற மனுஷன். இந்தக் குண்டு என்ன, கடுகைக்கூட எடுத்து வைப்பாரே!

வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் பேசுகிறவள் நான், கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

அச்சை நுழைத்து, கோனைக் கையாலேயே திருகி, குண்டுகள் மேலே மெல்ல உட்காரும் வரைக்கும் கொண்டுவந்தேன். "இப்பக் கொஞ்சம் பின்னாடி விடு" என்றார். "ஏன்?" என்றேன். "பூட்டு நட்டை இறுக்கும்போது அது கோனையும் கொஞ்சம் உள்ள தள்ளும். அதுக்கு எடம் விடணும்." இது எனக்குப் புரிந்தது. மெஷினில் பாபின் நூலை விட்டுப் பிடிப்பதுபோலத்தான். மெல்லிய ஸ்பேனரால் கோனைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் பூட்டு நட்டை இறுக்கினேன். சக்கரத்தை வண்டியில் மாட்டி நட்டுகளை முறுக்கினோம். ஒரு தட்டுத் தட்டினேன். அடேயப்பா! சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. வால்வு இருக்கும் பக்கம் கீழே வந்து, லேசாக முன்னும் பின்னும் ஊசலாடி நின்றது.

"நானா செஞ்சேன் இதை!" என்று கையைத் தட்டினேன்.

அவர் ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தார். முகம் மாறியது. "ஆடுது" என்றார்.

நான் பிடித்துப் பார்த்தேன். ஆடவில்லை. "ஆடலைங்க."

"அவசரப்படாத. நல்லாப் பாரு."

நல்லாப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, துணியின் நூலோட்டம் பார்க்கிற மாதிரி, விரல் நுனியில் கவனம் வைத்துப் பார்த்தேன். ஒரு மயிரிழைகூட அசையவில்லை. ஆனாலும் அவர் சொன்னதற்காகக் கழற்றி ஒரு சின்ன இறுக்கு இறுக்கினேன். இப்போது தட்டினால் நாலு சுற்றோடு நின்றது. "பாத்தீங்களா, பிடிக்குது." அவர் மறுபடியும் ரிம்மைப் பிடித்தார். "இன்னும் ஆடுது" என்றார். நான் பழையபடி தளர்த்திச் சரியாக வைத்தேன். "ஆடுது" என்றார்.

"உங்களோட பெரிய ரோதனையாப் போச்சு" என்று ஸ்பேனரைக் கீழே போட்டேன்.

அவர் சைக்கிளைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். முன்சக்கரத்தைப் பிடித்தார். அதை யாரும் பிரிக்கவில்லை, அது நன்றாகத்தான் இருந்தது. பிடித்து அசைத்துப் பார்த்தார். விட்டார். அடுப்படி ஜன்னலுக்குப் போனார். சுவரோடு சேர்த்து சிமெண்டில் பதித்த இரும்புக் கம்பி, கட்டின நாளிலிருந்து அசைந்ததில்லை. அதைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்தார்.

"மிளகா" என்றார். "ஜன்னல் கம்பியும் ஆடுது."

நானும் போய் அந்தக் கம்பியைப் பிடித்துப் பார்த்தேன், கல்லு மாதிரி இருந்தது.

அவர் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். நான் போர்வையிலேயே உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் சைக்கிளைப் பார்த்துப் பேசினார்.

"போன வாரம் ஒரு குழந்தை. நாலு வயசு இருக்கும். மூணு தடவ குத்தினேன். நரம்பு பிடிபடாம நழுவி ஓடுதுன்னு அதோட அம்மாகிட்ட சொன்னேன். அவங்க என்னை நம்பினாங்க. என்னைத் தெரியும்ல எல்லாருக்கும்! 'எறும்பு மாமாவுக்கே கஷ்டமா இருக்குன்னா பாவம் எம்புள்ளைக்கு நரம்புதான் சரியில்ல'ன்னாங்க. நரம்பு ஓடல. ட்ரே வெக்கிற ஸ்டாண்டு ஆடுதுன்னு நெனச்சேன். சேரு ஆடுதுன்னு நெனச்சேன். அதையெல்லாம் முறுக்கிட்டேன், அங்கயும்."

"ஏங்க இதை எங்கிட்டச் சொல்லல?"

"தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு? ஏதோ ஒண்ணு ஆடுதுன்னுதான் தெரிஞ்சுது."

நான் அழுதேன் என்று சொல்ல மாட்டேன். கண்ணில் மண்ணெண்ணெய்க் கை பட்டுவிட்டது என்று அவரிடம் சொன்னேன். அவரும் நம்பினதாகக் காட்டிக்கொண்டார்.

பிறகு அவர் வலது கையை என் பக்கமாக நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்து, கிரீஸ் படிந்த கை. "இதைப் பிடிச்சுப் பாரு" என்றார். "சக்கரத்துக்குச் சொன்ன மாதிரியே சொல்லு. எனக்காக ஒண்ணும் சொல்லாத."

என் ஜென்மத்தில் எனக்குப் பொய் சொல்ல வந்ததே இல்லை. சொல்லப் பார்த்து மாட்டிக்கொண்டதுதான் அதிகம். அன்றைக்கு மட்டும், ஒரே ஒரு பொய் எனக்குச் சரளமாக வாயில் வந்தால் போதும் என்று இருந்தது. ஆடவில்லை என்று சொல்லிவிட்டால் போதும். ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம்தான். மூன்று வருஷம் எறும்பு மாமாவாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே! யாருக்கு என்ன நஷ்டம்? அப்படித்தான் நினைத்தேன், மறைக்க மாட்டேன். அடுத்த நிமிஷமே அந்த நாலு வயசுப் பிள்ளையின் கை கண்ணுக்கு முன்னால் வந்தது. குனிந்து எறும்பைத் தேடிக்கொண்டிருந்திருக்கும், பாவம்.

அவர் கையை இரண்டு கையாலும் பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். கேரியரில் உட்கார்ந்து எத்தனை தடவை இடுப்பைச் சுற்றிப் பிடித்திருக்கிறேன். இந்தக் கையை இப்படிக் கவனமாகப் பிடித்ததே இல்லை. உள்ளே, எலும்புக்குப் பக்கத்தில், ஒரு நடுக்கம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆடுதா?"

"ஆடுது."

"கொஞ்சமா?"

காலங்காலமாக அங்குலத்துக்கும் அரை அங்குலத்துக்கும் துணியை அளக்கிறவள் நான். "நிறைய" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கையை உருவிக்கொள்ளவில்லை. நானும் விடவில்லை. வெயில் கொடியைத் தாண்டி எங்கள் மேலே வரும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். மதியச் சாப்பாடு உண்மையாகவே ராத்திரிதான் ஆயிற்று.

அவர் போய் இப்போது ஏழு வருஷம் ஆகிறது. நான் மகள் வீட்டில் இருக்கிறேன். இங்கே சாப்பாட்டு மேஜையில் ஒரு நாற்காலி நிஜமாகவே ஆடுகிறது. யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. நான் மட்டும் தினமும் அதில்தான் உட்காருகிறேன். "அந்தச் சேர் வேண்டாம்மா, விழுந்து வெப்பீங்க" என்று மகள் கத்துகிறாள். என் வாய் அவளுக்கு அப்படியே வந்திருக்கிறது.

அந்த ஞாயிறு சாயங்காலம் அவர் சொன்னார்: "நாளைக்கு நீயும் கூட வா. பெரிய டாக்டர்கிட்டச் சொல்லணும். எனக்கு வார்த்தை வராது. நீதான் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு பேசுவியே, நீ சொல்லிடு."

"நான் பாத்துக்கறேன்" என்றேன். என்ன பெரிய விஷயம்? ராத்திரி முழுக்க அந்த வசனத்தைத் தயார் பண்ணிவைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் சைக்கிளை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, "ஏறு" என்றார். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் கேரியரில் ஏறினேன். மெத்தை இல்லை. கம்பி உறுத்தியது. உறுத்தட்டும் என்று இருந்தேன். கைப்பிடி லேசாக நடுங்கியது எனக்குத் தெரிந்தது, மெதுவாகத்தான் ஓட்டினார். பின்சக்கரம் மட்டும் சத்தமே போடாமல், நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. நான் அவர் முதுகுக்கு எதையும் சொல்லவில்லை. மேட்டில் அவராகவே, "என்னடி, பேச்சையே காணோம்?" என்று கேட்டார்.

பெரிய டாக்டர் எங்களை உட்காரச் சொன்னார். "என்ன, ரெண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. ராத்திரி அடுக்கி வைத்த அத்தனையும் எங்கே போனதோ! மறுபடியும் திறந்தேன். அந்த அறைக்கு வெளியே ஒரு குழந்தை ரத்தம் எடுக்க வந்து அழுதுகொண்டிருந்தது.

வீட்டுக்காரர் மேஜைக்குக் கீழே என் கையைப் பிடித்துக்கொண்டு அவரே பேசினார்.

"ஐயா, என் கை ஆடுது. எனக்குத் தெரியல. என் வீட்டுக்காரி பிடிச்சுப் பாத்துச் சொன்னா. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்."